மூச்சு வாங்கினாலும் நடக்கப் பழகுதல்: நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள டெல்டாக்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

மூச்சுக்குழல்கள் சுருங்கி மூச்சு விடுவது கடினமாகும் நாள்பட்ட நுரையீரல் நோய்க்கு, சி.ஓ.பி.டி. என்று மருத்துவர் பெயர் சொல்லிவிட்ட நாளிலிருந்து பல வீடுகளில் ஒரு மாற்றம் தொடங்கிவிடுகிறது. கடைத்தெருவரை போய்வந்துகொண்டிருந்த அப்பா திண்ணையோடு நின்றுவிடுகிறார். கொல்லைக்குப் போய் விறகெடுத்து வந்த அம்மாவை, "நீங்க உட்காருங்க, நாங்க பாத்துக்கறோம்" என்று பிள்ளைகள் உட்கார்த்தி விடுகிறார்கள். அன்பினால் செய்யும் இந்த ஏற்பாடு, சில மாதங்களில் அவர்களைக் கிணற்றடிக்குப் போய்வந்தாலே இளைக்கும் நிலைக்குக் கொண்டுவந்துவிடக்கூடும். நோய் முற்றிவிட்டது என்று வீட்டார் எண்ணிக்கொள்கிறார்கள். ஆனால் ஊதிப் பார்க்கும் சோதனையை மீண்டும் செய்தால் நுரையீரலின் அளவு ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்பதையும், உட்கார்ந்தே இருந்ததால் தொடைத்தசை மெலிந்து நடை மட்டும் சுருங்கிப்போயிருப்பதையும் காண்பது அரிதன்று.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை பகுதிகளில் இந்த நோயோடு வாழ்பவர்களை மனத்தில் வைத்து இக்கட்டுரை எழுதப்படுகிறது. பீடி, சிகரெட்டினால் வந்த சி.ஓ.பி.டி., பல்லாண்டு விறகடுப்புப் புகையை உண்டதால் பெண்களுக்கு வந்த அதே நோய், காசநோய் குணமான பின்னும் நுரையீரலில் எஞ்சும் தழும்பு, மூச்சுக்குழல்கள் விரிந்து சளி தேங்கும் பிராங்கியெக்டேசிஸ், நுரையீரல் இறுகிப்போகும் ஐ.எல்.டி. ஆகிய எல்லாவற்றுக்கும் இங்குள்ள அடிப்படை முறை பொருந்தும். எங்கே மாறுபடுகிறதோ அங்கே தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

எது மாறும், எது மாறாது

சி.ஓ.பி.டி.யில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. மூச்சுக்குழல்கள் சுருங்கியும், நுரையீரலின் மீள்தன்மை குறைந்தும் இருப்பதால் உள்ளே போன காற்று மெதுவாகத்தான் வெளியேறும். உட்கார்ந்திருக்கும்போது அதற்கு நேரம் கிடைக்கிறது. வேகமாக நடக்கையில் மூச்சின் வேகம் கூடுவதால், பழைய காற்று முழுவதும் போகுமுன்பே அடுத்த மூச்சு உள்ளே வந்துவிடுகிறது; ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் காற்று சிக்கிக்கொண்டு, நெஞ்சு ஊதி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள மூச்சுத் தசையான உதரவிதானம் தட்டையாகி, மேற்கொண்டு இழுக்க இடமில்லாமல் போகிறது. "மூச்சு உள்ளே போகவே மாட்டேங்குது" என்று நோயாளி சொல்லும்போது உண்மையில் அவர் நெஞ்சு நிறையக் காற்று இருக்கிறது.

இதன் மறுபாதி காலில் நடக்கிறது. பயன்படுத்தாமல் விட்ட தொடைத்தசை, ஆக்சிஜனைக் கொண்டு வேலை செய்யும் திறனை இழந்து, சிறிது தூரம் நடந்ததுமே லாக்டிக் அமிலத்தைச் சுரக்கத் தொடங்குகிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது உண்டாகும் கூடுதல் கரியமில வாயுவை வெளியேற்ற நுரையீரல் இன்னும் வேகமாக இயங்க வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே திணறும் நுரையீரலின் மீது மெலிந்த கால் இன்னொரு சுமையை ஏற்றிவிடுகிறது. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் கசபுரியும் அவருடைய குழுவினரும் 1991இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சி பெற்ற சி.ஓ.பி.டி. நோயாளிகள் முன்பு செய்த அதே அளவு வேலையைக் குறைவான லாக்டிக் அமிலத்தோடும் குறைவான மூச்சோடும் செய்ய முடிந்ததைக் காட்டியது. ஆகவே இந்தப் பயிற்சியினால் ஊதும் சோதனையின் எண் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அந்த எண் உயராது. கூடுவது, ஒரே வேகத்தில் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது என்பதே. தாங்குதிறன் என்று சொல்வது அதைத்தான்.

நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சி என்று மருத்துவர்கள் அழைக்கும் இவ்வகைப் பயிற்சி பற்றிய 65 ஆய்வுகளை, 3,822 நோயாளிகளின் விவரங்களோடு, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2015இல் தொகுத்துப் பார்த்தது. பயிற்சி பெற்றவர்கள் ஆறு நிமிட நடைச் சோதனையில் மற்றவர்களைவிடச் சராசரியாக 44 மீட்டர் அதிகம் நடந்தார்கள். நோயாளி தாமே உணரக்கூடிய முன்னேற்றத்துக்கு ஏறத்தாழ 30 மீட்டர் போதும் என்பது வல்லுநர்களின் கணக்கு. 44 மீட்டர் என்பது கேட்கச் சிறியதாகத் தோன்றலாம். வீட்டிலிருந்து தெருமுனைக் கடைக்கு நிற்காமல் போவதா, நடுவில் ஒரு முறை நிற்பதா என்பதைத் தீர்மானிக்கும் தூரம் அது.

முதல் படி: மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை

இந்தப் பயிற்சியைத் தாமாகத் தொடங்கக் கூடாதவர்கள் உண்டு. அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், நடக்கும்போது நெஞ்சுவலி வருபவர்கள், இதய வால்வு மிகச் சுருங்கியிருப்பவர்கள், சளியில் ரத்தம் காண்பவர்கள், நுரையீரல் உறையில் காற்றுப் புகுந்து அண்மையில் சிகிச்சை பெற்றவர்கள், காய்ச்சலோடு இருப்பவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரின் அனுமதி பெற வேண்டும். நீண்ட நாள் இருமலுக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் "பழைய இளைப்புதான்" என்று விட்டுவிடுவதும் தவறு; காசநோய் இல்லை என்று தெரிந்த பிறகே மற்றவர்களோடு சேர்ந்து பயிற்சிக்குப் போக வேண்டும்.

தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் ஆகிய ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. நெஞ்சக நோய்ப் பிரிவில் ஸ்பைரோமீட்டர் என்னும் ஊதும் சோதனையையும், ஆறு நிமிட நடைச் சோதனையையும் செய்து தரும்படி கேட்கலாம். நடைச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம்; 30 மீட்டர் நீளமுள்ள சமமான நடைவழி, கடிகாரம், விரலில் மாட்டி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர், நாற்காலி போதும். ஆறு நிமிடத்தில் உங்களால் முடிந்த அளவு நடக்கச் சொல்வார்கள். நடுவில் நின்று இளைப்பாறலாம், ஆனால் கடிகாரம் நிற்காது. முதல் முறை செய்யும்போது பழக்கமின்மையால் தூரம் குறைவாக வரும் என்பதால், சற்று ஓய்வுக்குப் பின் இரண்டாம் முறை செய்து, அதிகமான தூரத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். அந்த எண்ணையும், நடக்கும்போது ஆக்சிஜன் எவ்வளவுக்குக் குறைந்தது என்பதையும் மறவாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் வரும் கணக்குக்கு அதுவே அடிப்படை.

நகரத்துக்குப் போய்வர இயலாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவரைப் பற்றித் தங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

இரண்டாம் படி: இன்ஹேலரும் மூச்சு விடும் முறையும்

இன்ஹேலர் பழகிவிட்டால் விட முடியாது என்ற பேச்சு நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. மருந்தை நிறுத்தினால் இளைப்பு திரும்புவது நோய் அங்கேயே இருப்பதால்தான். மூச்சுக்குழல் சுருங்கியிருக்கும்போது நடைப்பயிற்சி செய்ய முயல்வதில் பொருளில்லை. சால்புட்டமால் போன்ற உடனடி நிவாரண இன்ஹேலரை மருத்துவர் எழுதித் தந்திருந்தால், நடக்கத் தொடங்குவதற்கு 10 முதல் 15 நிமிடங்களுக்கு முன் அவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் முறையில்தான் பெரும்பாலும் மருந்து வீணாகிறது. அழுத்திப் பீய்ச்சும் வகையை மெதுவாகவும் ஆழமாகவும் இழுத்து, இயன்றால் 10 விநாடி மூச்சைப் பிடித்துவைக்க வேண்டும். ஸ்பேசர் குடுவையை இணைத்துக்கொண்டால் முதியவர்களுக்கு எளிது. கேப்சூல் போட்டு உறிஞ்சும் வகையை இதற்கு மாறாக வேகமாகவும் பலமாகவும் இழுக்க வேண்டும். அந்தக் கேப்சூலை மாத்திரை என்று நினைத்துத் தண்ணீரோடு விழுங்கிவிடுபவர்களும் இருக்கிறார்கள் என்பதால், முதல் முறை செவிலியர் முன்னிலையில் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வருவது நல்லது. ஸ்டீராய்டு கலந்த மருந்தானால் எடுத்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும்.

அடுத்தது உதடு குவித்து ஊதுதல். மூக்கால் இரண்டு எண்ணும் வரை இழுத்து, உதட்டைக் குவித்து நான்கு எண்ணும் வரை மெல்ல விட வேண்டும். அகல் விளக்கின் சுடர் அணையாமல் அசையும் அளவுக்கு ஊதினால் போதும். குவித்த உதடு உண்டாக்கும் சிறு எதிரழுத்தம் மூச்சுக்குழல்கள் மூடிக்கொள்ளாமல் திறந்து வைத்திருப்பதால், சிக்கிக்கொண்ட காற்று வெளியேற வழி கிடைக்கிறது. நடக்கும்போது இதை அடிகளோடு இணைத்துக்கொள்ளலாம்: இரண்டு அடிக்கு இழுப்பது, நான்கு அடிக்கு விடுவது. படி ஏறும்போது நின்ற இடத்தில் மூச்சை இழுத்துக்கொண்டு, விடும்போது ஏற வேண்டும். குடத்தைத் தூக்கும்போதும், மண்வெட்டியை ஓங்கும்போதும் இதே விதிதான். பலம் கொடுக்கும் நொடியில் மூச்சு வெளியே போய்க்கொண்டிருக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்குவதுதான் நம்மில் பெரும்பாலோரின் பழக்கம் என்பதால், இது கைவர ஒரு வாரமாவது ஆகும்.

ஐ.எல்.டி. உள்ளவர்களுக்கு இந்த ஊதும் முறையால் அவ்வளவு பயன் கிடைப்பதில்லை. அவர்கள் நுரையீரலில் காற்று சிக்குவதில்லை, விரியத்தான் மறுக்கிறது. அவர்கள் ஆக்சிமீட்டரை நம்பி, மெதுவாக, இடைவெளி விட்டு நடப்பதே பாதுகாப்பு. பிராங்கியெக்டேசிஸ் உள்ளவர்கள் நடப்பதற்கு முன் சளியை வெளியேற்றும் பயிற்சியை முடித்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் படி: உங்கள் வேகத்தைக் கண்டுபிடித்தல்

புதிதாகத் தொடங்குபவர்கள் தோற்றுப்போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முதல் நாள் உற்சாகத்தில் முடிந்த மட்டும் வேகமாக, முடிந்த மட்டும் தூரம் போய்விட்டு, திரும்பி வர முடியாமல் யாராவது வண்டி வைத்திருப்பவரை எதிர்பார்த்து வாய்க்கால் மதகில் உட்கார்ந்திருக்க நேர்ந்தால், இரண்டாம் நாள் எழுந்திருக்க மனம் வராது. போன தூரம் முழுவதையும் திரும்பவும் நடக்க வேண்டும் என்பதை ஆசை மறந்துவிடுகிறது. அதனால் முதல் மாதம் நீண்ட பாதை எதையும் தேர்ந்தெடுக்காமல், வீட்டு வாசலைச் சுற்றியே போய்ப்போய்த் திரும்பும் குறுகிய பாதையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகத்தைக் கணக்கிடும் முறை இது. ஆறு நிமிடச் சோதனையில் நீங்கள் 300 மீட்டர் நடந்திருந்தால், நிமிடத்துக்கு 50 மீட்டர். அதில் 80 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 40 மீட்டர், உங்கள் பயிற்சி வேகம். உங்கள் காலடி ஒன்றுக்கு அரை மீட்டர் போகிறது என்றால் நிமிடத்துக்கு 80 காலடிகள். தெருவில் உள்ள இரண்டு மின்கம்பங்களுக்கு இடையிலான தூரத்தை ஒருமுறை டேப் பிடித்து அளந்துகொண்டால், பிறகு கம்பத்தை எண்ணியே வேகத்தைச் சரிபார்க்கலாம். சோதனை செய்ய வாய்ப்பில்லாதவர்கள் இளைப்பின் அளவை வைத்து வேகத்தை அமைத்துக்கொள்ளலாம்.

அந்த அளவுகோலை ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் குன்னர் போர்க் வகுத்தார். 0 என்றால் இளைப்பே இல்லை, 3 என்றால் மிதமான இளைப்பு, 4 என்றால் சற்றுக் கடுமை, 5 கடுமை, 7 மிகக் கடுமை, 10 என்றால் இதற்கு மேல் தாங்க முடியாது. வீட்டில் தனியாகப் பழகுபவர்கள் 3க்கும் 4க்கும் இடையில் இருக்க வேண்டும். இயன்முறை மருத்துவர் அருகில் இருக்கும்போது 6 வரை போகலாம். எண்ணைச் சொல்லத் தயங்குபவர்கள் பேசிப் பார்க்கட்டும்: நான்கைந்து சொல் கொண்ட வாக்கியத்தைப் பேச முடிந்து, பாட்டுப் பாட முடியாமல் இருந்தால் வேகம் சரி. இளைப்பே வராத வேகத்தில் நடப்பது மனத்துக்கு நல்லதாயிருக்கலாம். ஆனால் அதனால் தசை மாறாது. இளைப்பு வரத்தான் வேண்டும், அது உங்கள் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதே இந்தப் பயிற்சியின் அச்சாணி.

முதல் இரண்டு வாரங்கள் இரண்டு நிமிடம் நடந்து, ஒரு நிமிடம் நின்று, மீண்டும் இரண்டு நிமிடம் என ஐந்து சுற்று செய்யுங்கள். நின்ற நேரத்தை நீக்கினால் பத்து நிமிட நடை. மூன்றாம், நான்காம் வாரங்களில் மூன்று நிமிட நடையாக ஐந்து சுற்று. அதற்கடுத்த இரண்டு வாரங்களில் ஐந்து நிமிடமாக நான்கு சுற்று. ஏழாம், எட்டாம் வாரங்களில் பத்து நிமிடமாக இரண்டோ மூன்றோ சுற்று. இரண்டு நிமிடமே முடியாதவர்கள் அரை நிமிடம் நடந்து அரை நிமிடம் நிற்பதில் தொடங்கலாம். இடைவெளி விட்டுச் செய்யும் பயிற்சி, தொடர்ச்சியாகச் செய்வதற்கு ஏறத்தாழ இணையான பலனைத் தருகிறது என்பதால் நிற்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் ஐந்து நாள் நடக்க முயலுங்கள்; மூன்று நாளுக்குக் குறைந்தால் பலன் தேறாது. கூட்ட வேண்டியது முதலில் நேரத்தை. தொடர்ந்து இருபது நிமிடம் நடக்க முடிந்த பிறகே வேகத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். மறுநாள் தொடையில் லேசான வலி இருப்பது இயல்பு. மறுநாள் குளிக்கவும் சாப்பிடவுமே அசதியாக இருந்தால் முந்தைய வார அளவுக்கு இறங்கிவிடுங்கள்.

நிற்கும் ஒரு நிமிடத்தில் எப்படி நிற்பது என்பதும் முக்கியம். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, வானத்தைப் பார்த்து மூச்சு வாங்குவதைவிட, முன்னால் சாய்ந்து கையை எதன்மீதாவது ஊன்றிக்கொள்வது நல்லது: திண்ணைத் தூண், பாலத்தின் கைப்பிடிச் சுவர், உட்கார இடமிருந்தால் முழங்கால்மேல் முழங்கை. கை ஊன்றப்பட்டால் தோள்பட்டைத் தசைகள் மூச்சுக்கு உதவ வருகின்றன. முன்னால் சாய்ந்தால் தட்டையான உதரவிதானம் கொஞ்சம் மேலெழும்பி நல்ல நிலைக்கு வருகிறது. வெளிநாடுகளில் இதற்காகவே சக்கரம் வைத்த நடைவண்டியைப் பரிந்துரைக்கிறார்கள். நம் கிராமங்களில் சைக்கிளை ஏறாமல் ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போகும் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் அறிந்தோ அறியாமலோ அதே உத்தியைத்தான் கையாள்கிறார்கள். பிரேக் நன்றாக இருக்கும் சைக்கிளாக இருந்தால் அதற்கு என் முழு ஆதரவு உண்டு.

ஆக்சிமீட்டரும் ஆக்சிஜனும்

நடக்கும்போது ஆக்சிஜன் அளவு 88க்குக் கீழே போனால் நின்று, 90க்கு மேல் ஏறிய பிறகு தொடர வேண்டும். நின்று சில நிமிடங்களாகியும் ஏறாவிட்டால் அன்றைய பயிற்சியை முடித்துக்கொண்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். நகச்சாயம், கருமையாகச் சிவந்த மருதாணி, குளிர்ந்த விரல் ஆகியவை எண்ணைத் தவறாகக் காட்டக்கூடும். கறுத்த தோலில் இந்தக் கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டக்கூடும் என்பதையும் நம் மக்கள் அறிந்திருக்க வேண்டும். எண் 90 காட்டினாலும் உதடு நீலம் பாரித்தால் உதட்டைத்தான் நம்ப வேண்டும்.

வீட்டில் ஆக்சிஜன் எழுதித் தரப்பட்டவர்கள், பொதுவாக நாளுக்கு 15 மணி நேரத்துக்குக் குறையாமல் அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதால், நடைப்பயிற்சியும் அதோடு சேர்ந்தே நடக்கும். குழாய் நீளம் எட்டும் வரை கூடத்துக்குள் நடக்கலாம். அளவை நீங்களாகக் கூட்டக் கூடாது; சிலருக்கு அதனால் கரியமில வாயு தேங்கி மயக்கம் வரும். ஆக்சிஜன் ஓடும் அறையில் குத்துவிளக்கு, கற்பூரம், அடுப்பு, பீடி எதுவும் கூடாது.

நான்காம் படி: தொடைக்கும் கைக்கும் வலு

நடைக்கு அடுத்தபடி எனக்கு மிகவும் பிடித்தது நாற்காலிப் பயிற்சி. சுவரோடு ஒட்டிப் போட்ட, கையில்லாத, ஆடாத நாற்காலியில் உட்கார்ந்து, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார வேண்டும்; எழும்போது ஊதுங்கள், உட்காரும்போது இழுங்கள். எட்டிலிருந்து பன்னிரண்டு முறை ஒரு தொகுதி. இடையில் ஓய்வெடுத்து இரண்டு, மூன்று தொகுதி. ஒருநாள் விட்டு ஒருநாள். இதையே சோதனையாகவும் வைத்துக்கொள்ளலாம்: ஒரு நிமிடத்தில் எத்தனை முறை எழ முடிகிறது என்று மாதம் ஒருமுறை, யாராவது பக்கத்தில் இருக்கும்போது எண்ணுங்கள். மூன்று கூடியிருந்தாலே அது மெய்யான முன்னேற்றம். இதோடு சுவரைப் பிடித்துக் குதிகாலைத் தூக்கி இறக்குவதையும், வாசல்படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

கைவேலைக்கு ஏன் கூடுதலாக இளைக்கிறது என்று பெண்கள் அடிக்கடி கேட்பார்கள். கையை உயர்த்தும்போது மூச்சுக்கு உதவிக்கொண்டிருந்த தோள்பட்டைத் தசைகள் கையைத் தாங்கப் போய்விடுகின்றன. கொடியில் துணி உலர்த்துவது, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்வது, பின்னல் போடுவது எல்லாம் இந்த வகை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கைக்கொன்றாக வைத்துக்கொண்டு தோளுயரம் வரை தூக்கி இறக்கிப் பழகினால் இது குறையும். அதுவரை கொடியைத் தாழ்த்திக் கட்டுங்கள், முக்காலியில் உட்கார்ந்து குளியுங்கள். குனிந்து கோலம் போடும்போது வயிறு அழுந்தி உதரவிதானம் நகர இடமில்லாமல் போகிறது. பெரிய கோலத்தை மார்கழிக்கு மருமகளிடம் விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து கற்பிக்கலாம்.

ஐந்தாம் படி: இடமும் பருவமும்

மேடு பள்ளமில்லாத தரை என்ற வகையில் டெல்டாவுக்கு இணை கிடையாது. ஆற்றங்கரை ஏற்றத்தையும் பாலத்தின் சாய்வையும் தவிர்த்தால் போதும். குளக்கரைகள் நல்ல இடம்தான், ஆனால் அளவறிந்து போக வேண்டும். "கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி" என்று சொல்லப்படும் திருவாரூர்க் கமலாலயத்தை ஒருமுறை சுற்றினால் ஒரு கிலோமீட்டரைத் தாண்டிவிடும். தொடக்கக்காரர் ஒரு கரையிலேயே போய்த் திரும்புவதே முறை. கும்பகோணம் மகாமகக் குளம் அதைவிடச் சிறியது என்றாலும் சுற்றிலும் வண்டிப் போக்குவரத்து உண்டு. கோயில் பிராகாரத்தில் நிழலும் சமதளமும் உட்காரத் திண்ணையும் கிடைக்கும். கருங்கல் சுடும் நேரத்தையும், ஹோமமும் சாம்பிராணியும் புகையும் நேரத்தையும் விலக்கிவிடுங்கள். சர்க்கரை நோயும் உள்ளவர்கள் வெறுங்காலோடு நடப்பதைத் தவிர்க்க வேண்டும். நாகப்பட்டினம், வேதாரண்யம் கடற்கரையோரம் காற்று பலமாக இருப்பதால், போகும்போது காற்றை எதிர்த்தும் திரும்பும்போது காற்று முதுகில் படும்படியும் திசையை அமைத்துக்கொள்ளுங்கள்.

சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்குள் முடிப்பதோ மாலை வெயில் தணிந்து தொடங்குவதோ நல்லது. மார்கழியில் இதற்கு மாறாக, பனி விலகி வெயில் ஏறிய பிறகே வெளியே வர வேண்டும். குளிர்ந்த காற்றில் அடுப்புப் புகையும் குப்பைப் புகையும் மேலே போகாமல் தாழ்ந்தே நிற்கும். போகி அன்று வெளியே வரவே வேண்டாம். சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும், குறுவை அறுவடையின்போதும் அறுவடை இயந்திரம் கிளப்பும் தூசும், சாலையில் நெல் காயவைத்துத் தூற்றும் தூசும் இளைப்பைத் தூண்டும். அரிசி ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஆண்டு முழுவதும் இதே கதை. அந்த நாள்களிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் பயிற்சியை நிறுத்தாமல் கூடத்துக்குள் நடக்கவோ நின்ற இடத்திலேயே கால் தூக்கி வைக்கவோ செய்யலாம். வீட்டுக்குள் விறகடுப்பும் கொசுவர்த்திச் சுருளும் எரிந்துகொண்டிருந்தால் வெளியே எங்கே நடந்தும் பயன் குறைவு. பீடியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை; விட்டே ஆக வேண்டும்.

சாப்பிட்டவுடன் நடக்க வேண்டாம், ஒரு மணி நேரமாவது போகட்டும். வயிறு நிறைய ஒரே வேளையில் உண்பதைப் பிரித்து, சிறிது சிறிதாக ஐந்தாறு வேளை உண்பது மூச்சுக்கு எளிது. உடல் மெலிந்துகொண்டே போகிறவர்கள் சோற்றின் அளவைவிட முட்டை, மீன், பருப்பு, சுண்டல் ஆகியவற்றின் அளவைக் கவனிக்க வேண்டும். புரதமில்லாமல் பயிற்சி செய்தால் தசை வளர எதுவும் இருக்காது.

நிறுத்த வேண்டிய நேரமும் மீண்டும் தொடங்கும் நேரமும்

நெஞ்சில் வலியோ இறுக்கமோ, தலைசுற்றல், படபடப்பு, உதடு நீலமாதல், நின்று ஐந்து நிமிடமாகியும் தணியாத இளைப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்று அத்தோடு நிறுத்துங்கள். உட்கார்ந்திருக்கும்போதே ஒரு வாக்கியம் பேச முடியாத இளைப்போ, குழப்பமோ, அசாதாரணத் தூக்கமோ இருந்தால் 108ஐ அழைக்க வேண்டும்.

சளி கூடி, நிறம் மாறி, இளைப்பு ஏறும் திடீர்த் தீவிரநிலை ஆண்டுக்கு ஒருமுறையாவது பலருக்கு வருகிறது. ஃபுளூ, நிமோனியா தடுப்பூசிகள் அதைக் குறைக்கும் என்பதால் மருத்துவரிடம் கேளுங்கள். மருத்துவமனையில் படுத்த சில நாள்களிலேயே தொடைத்தசை கண்கூடாக இளைத்துவிடுகிறது. அதனால் வீடு திரும்பியதும் "உடம்பு தேறட்டும்" என்று மாதக்கணக்கில் காத்திருக்காமல், மருத்துவர் ஒப்புதலோடு நான்கு வாரத்துக்குள் பயிற்சிக்குத் திரும்பிவிட வேண்டும். முன்பு இருபது நிமிடம் நடந்தவர் பத்து நிமிடத்தில், இடைவெளி விட்டுத் தொடங்கட்டும். இரண்டாம் முறை ஏறுவது பெரும்பாலும் முதல் முறையைவிட விரைவாகவே நடக்கும்.

எட்டு வாரம் முடிந்ததும் ஆறு நிமிட நடைச் சோதனையைத் திரும்பச் செய்து, புதிய தூரத்தைக்கொண்டு வேகத்தை மறுபடி கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தூரம் அதிகம் கூடவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம். பழைய வேகத்திலேயே எத்தனை நிமிடம் நடக்க முடிகிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள், மாற்றம் பெரும்பாலும் அதில்தான் பளிச்சென்று தெரியும். பயிற்சியை விட்டுவிட்டால் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் கிடைத்ததெல்லாம் கரைந்துபோகும். எனவே எட்டாம் வாரத்துக்குப் பிறகும் வாரத்தில் மூன்று நாளாவது, அரைமணி நேரம், யாராவது துணையோடு நடப்பதை நிலையான வேலையாக வைத்துக்கொண்டு, நடந்த நிமிடத்தையும் இளைப்பின் எண்ணையும் தினசரி நாட்காட்டித் தாளில் குறித்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மருந்துச் சீட்டோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள்.